கைராசிக்காரரும் விழாத கியரும்

இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டால் அந்தச் சின்னக் காரின் கியர்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. முதல் கியர், இரண்டாவது, பின்னால் போவது, எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தன. இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை அடிவரை மிதித்துப் போட்டால் மட்டும் ‘கர்ர்ர்’ என்று பல்லைக் கடித்தது. கியர்க் கம்பி கையைத் திருப்பித் தள்ளியது. கைராசிக்காரர் இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார். அதற்கு மேல் போடப் பயமாக இருந்தது.

முந்தின நாள்தான் அந்தக் காருக்கு அவர் புதுக் கிளட்ச் மாட்டியிருந்தார்.

“என்ன மாமா?” என்றான் மச்சினன். மனைவியின் தம்பி, ஷெட்டில் சரிபாதிப் பங்காளி.

“ஒண்ணுமில்ல மாப்ள. கிளட்ச் கேபிள் இழுவை பத்தல போல.”

காரின் சொந்தக்காரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் துடைத்து, ஊசி போடுகிற நர்சம்மா. தோளில் பை, காலில் அழுக்குப் படாத வெள்ளைச் செருப்பு. “இன்னிக்கு எனக்காக நெறைய பேர் காத்துக்கிட்டு இருப்பாங்க. எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“உக்காருங்க சிஸ்டர். இதோ ஆயிடும்” என்று நாற்காலியைக் காட்டினார்.

அந்த நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஷெட் வாசலில் கிடக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலிதான், ஒரு கை உடைந்தது. ஆனால் உலகத்தில் கைராசிக்காரர் பயப்படுகிற ஒரே சாமான் அதுதான். பக்கத்துத் தெருவிலும் அடுத்த தெருவிலும் எத்தனையோ ஷெட்டுகளின் வாசலில் இப்படி ஒரு நாற்காலி உண்டு. அதில் ஒரு முன்னாள் மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். கையில் செய்தித்தாள் இருக்கும். வருகிறவர்களிடம் “உள்ள போங்க, பையங்க பாப்பாங்க” என்பார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, வேளாவேளைக்கு டீ வரும். ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் அவரை யாரும் விடமாட்டார்கள். அந்த உத்தியோகத்துக்குப் போவதைவிடக் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழிக்குள் விழுந்து கழுத்தை முறித்துக்கொள்ளலாம் என்று கைராசிக்காரர் மனைவியிடமே சொல்லியிருக்கிறார்.

கைராசிக்காரர் என்பது வண்டிக்காரர்கள் வைத்த பெயர். அவர் கை பட்டாலே வண்டி ஓடும் என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டன் மாட்டுவார், தொட்டுப் பார்த்தே போல்ட் எந்த அளவு என்று சொல்வார் என்றெல்லாம் அளந்தார்கள். அதில் பாதி கட்டுக்கதை. மீதிப் பாதி உண்மை, தொல்லையே அதில்தான் இருந்தது. காருக்கு அடியில் பாதி வேலை கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் நடக்கிறது. அங்கே விரல் நுனிதான் கண். அந்தக் கண் அவருக்கு மற்றவர்களைவிடக் கூர்மையாக இருந்தது.

இருந்தது. போன மழைக்கு முன்னாலிருந்து இல்லை.

முதலில் கிரீஸ் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தார். மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு வீட்டுச் சாவி எது, ஷெட்டுச் சாவி எது என்று சட்டைப் பைக்குள் கைவிட்டுத் தெரியாமல் போயிற்று. சட்டைப் பொத்தான் நழுவியது. மேல் பொத்தானைப் போடாமலே விட்டார். “இந்த வயசுல ஐயாவுக்கு ஸ்டைலப் பாரு” என்று மனைவி கேலி செய்தாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். விரல்களுக்கு உறை போட்டதுபோல் இருக்கிறது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. போனால் பெயர் சொல்லிவிடுவார், பெயர் வந்துவிட்டால் நாற்காலியும் வந்துவிடும்.

அப்படியானால் இத்தனை மாதம் எப்படி வேலை பார்த்தார் என்று கேட்கலாம். ஒரு தைரியம் இருந்தது. அந்த ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு.

தொழில் ஆரம்பித்த புதிதில் இவர்கள் அனுப்பிய ஒரு வண்டியின் முன்சக்கரம் தனியாகக் கழன்று, வண்டியை முந்திக்கொண்டு உருண்டு, ஒரு தையல்கடைக்குள் போய்ப் பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. மாமனும் மச்சினனும் அன்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் அந்தப் பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. அன்றைக்கே போட்டார்கள் சட்டத்தை. பிரேக், ஸ்டியரிங், கிளட்ச் இந்த மூன்றையும் ஒருவன் மாட்டினால், மூடுவதற்கு முன்னால் அடுத்தவன் கைவிட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ‘சரி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மூடக்கூடாது. இதைத் தவிர அவர்களுக்குள் எழுதின ஒப்பந்தம், எழுதாத ஒப்பந்தம் எதுவும் கிடையாது.

விரல் மரத்துப்போன நாளிலிருந்து கைராசிக்காரர் அந்தச் ‘சரி’யைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். என் விரல் ஏமாந்தாலும் மாப்பிள்ளை விரல் ஏமாறாது. அவன் ‘சரி மாமா’ என்று சொல்லும்போதெல்லாம் அவருக்கு மூச்சு வந்தது. இன்று காலையும் அதைத்தான் திரும்பத் திரும்பத் தனக்குச் சொல்லிக்கொண்டார். நேற்றும் அவன் சரி சொன்னான், காதால் கேட்டேன். அதனால் கிளட்ச் பிளேட்டில் தப்பு இருக்க முடியாது. கேபிள்தான், கேபிளாகத்தான் இருக்க வேண்டும்.

பெடலுக்கு அடியில் மிதியடி மடங்கிக் கிடக்கிறதா என்று பார்த்தார். இல்லை. கிளட்ச் கேபிளின் முனையில் இருக்கும் நட்டைத் திருகி இழுவையைக் கூட்டினார். ஏறி உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிட்டு, மிதித்து, போட்டார்.

கர்ர்ர்.

இன்னும் கூட்டினார். பெடல் கல் மாதிரி இறுகியது. கர்ர்ர்.

“கேபிளே பழசு. உள்ள இழை பிரிஞ்சிருக்கும்” என்றார்.

“இருக்கும்” என்றான் மச்சினன். வழக்கமாக வேலை செய்யும்போது சுருதி சேராமல் சீட்டியடித்துக் கழுத்தறுப்பவன். அன்று காலையிலிருந்து அவனிடம் சீட்டி இல்லை. கைராசிக்காரர் அதைக் கவனித்தார். கவனித்தும் இருக்கிற கலவரத்தில் அதற்கு ஒரு காரணம் தேடவில்லை.

மச்சினன் கடைக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தான். அவன் வருவதற்குள் போன் அடித்தது. மகள்.

“அப்பா, என் கார்ல நீங்க பின் பிரேக் மாத்திக் குடுத்தீங்கள்ல, அதுலேர்ந்து மிதிச்சா வண்டி கொஞ்சம் ஒரு பக்கமா இழுக்குதுப்பா.”

“புது பிரேக்குன்னா அப்படித்தாம்மா. பழகிடும்.”

“ஞாயித்துக்கெழமை கொண்டு வரட்டுமா?”

“கொண்டு வா, கொண்டு வா. இப்ப கை வேலையா இருக்கேன்” என்று வைத்துவிட்டார். அவர் மனசு முழுக்க அந்தக் கியர்ப் பெட்டிக்குள் இருந்தது.

கேபிளை மாற்றக் குனிந்தபோது இடது கையைப் புகைக்குழாயின் மேல் ஊன்றிக்கொண்டார். திரும்பத் திரும்ப இன்ஜினை ஓடவிட்டதில் அது கொதித்துக்கொண்டிருந்தது. அவர் பாட்டுக்கு ஊன்றியபடியே வலது கையால் பழைய கேபிளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாற்காலியிலிருந்து நர்சம்மா பதறி எழுந்து வந்தாள்.

“ஐயோ, கைய எடுங்க! சுடலையா உங்களுக்கு?”

எடுத்துப் பார்த்தார். இரண்டு விரலின் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. “பழகிப்போச்சு சிஸ்டர். மெக்கானிக் கை இல்லையா?” என்று சிரித்தார்.

நர்சம்மா சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, மச்சினன் காதில் விழாதபடி, “கால்லயும் இப்படி இருக்கா?” என்று கேட்டாள்.

செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் அவர் நாலு எட்டு நடந்துவிடுவது இவளுக்கு எப்படித் தெரிந்தது? “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுக் காருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

புதுக் கேபிள் மாட்டியாயிற்று. ஏறி உட்கார்ந்தார். உள்ளங்கால் பெடலில் பட்டதா இல்லையா என்று குனிந்து கண்ணால் பார்த்துக்கொண்டார். வாழ்நாளில் கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டார். மிதித்தார். போட்டார்.

கர்ர்ர்.

மச்சினன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“கியர்ப் பெட்டிய எறக்கித்தான் பாக்கணும் மாமா.”

“பெடல் ஸ்டாண்டு வளைஞ்சிருக்கும்டா. அதப் பாத்துட்டு...”

“இல்ல மாமா. எறக்கிடலாம்.”

இதற்கு மேல் சப்பைக்கட்டு கட்ட ஒன்றும் மிச்சமில்லை. வண்டியைக் குழிக்கு மேல் தள்ளினார்கள். பேட்டரியைக் கழற்றி, சக்கரங்களைக் கழற்றி, கியர்ப் பெட்டியைக் கழற்றுவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. நர்சம்மா ஒவ்வொரு வீடாகப் போன் செய்து, “இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடறேன், திரும்பிப் படுத்துக்கோங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒவ்வொரு ‘கொஞ்ச நேர’மும் குழிக்குள் இருந்தவர் தலையில் விழுந்தது.

நேற்று நடந்தது அவருக்குத் துளி விடாமல் ஞாபகம் இருந்தது. இதே குழி, சாயங்காலம். கை விளக்கின் பல்பு போய்விட்டது. வேறு பல்பு கேட்டிருக்கலாம். கேட்டால் மச்சினன், “உங்களுக்கு எதுக்கு மாமா வெளிச்சம்?” என்பான். அதற்குப் பயந்து இருட்டிலேயே மாட்டினார். வட்டமான கிளட்ச் பிளேட்டின் ஒரு முகத்தில் எழுத்துப் பொறித்திருப்பார்கள். அந்த முகம் இன்ஜினைப் பார்த்து உட்கார வேண்டும். மாற்றி உட்கார்ந்தால் கிளட்ச் விடாது, கியர் விழாது. கட்டைவிரலால் தடவினார். ஏதோ தட்டுப்பட்டதுபோல் இருந்தது. எழுத்தா, வெறும் சொரசொரப்பா? கியர்ப் பெட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவனிடம், “மாப்ள, தொட்டுப் பாத்துச் சொல்லு” என்றார். “சரி மாமா” என்றான். மூடினார்கள். பேட்டரி இறங்கிப்போய்ச் சார்ஜில் கிடந்ததால் ஓட்டிப் பார்ப்பதைக் காலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

அவன் சொன்னான். காதால் கேட்டேன்.

பிளேட்டை மூடியிருந்த தட்டின் கடைசி போல்ட்டும் வந்தது. மச்சினன் தட்டைக் கீழே இறக்கினான். இன்று விளக்கு எரிந்தது.

இன்ஜினைப் பார்த்து மறைந்திருக்க வேண்டிய எழுத்துகள் இவர்கள் இருவரையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தன. திருப்பித்தான் போட்டிருந்தது.

கைராசிக்காரருக்கு முதலில் வந்தது வெட்கம்கூட இல்லை. குழப்பம். “நீ தொட்டுப் பாத்தியே மாப்ள” என்றார். குற்றம் சொல்லவில்லை, கெஞ்சினார்.

அவன் தட்டைத் தரையில் வைத்தான்.

“சரின்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

“தொட்டியா?”

“இல்ல மாமா.”

குழியின் சுவரில் சாய்ந்துகொண்டார். “நேத்து மட்டுந்தானே?”

மச்சினன் தலையைத் தூக்கவில்லை. “காலைல கியர் விழலன்னதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்ல வாய் வரல. நான் தொட்டுப் பாத்து ரொம்ப வருஷமாச்சு மாமா. நீங்க கை வச்ச எடத்துல நான் போய் என்னத்தத் தடவறது? எப்பத் தொட்டாலும் சரியாத்தான் இருந்துது. அப்புறம் சரிங்கறது வாய்ப்பழக்கமாப் போச்சு. உங்க கைய நம்பித்தானே சொன்னேன்.”

“நான் உன் கைய நம்பித்தானடா மாட்டினேன்” என்றார் கைராசிக்காரர்.

அவனுக்குப் புரியவில்லை. “இப்ப என்ன மாமா, ஒரு பிளேட்டுதானே? திருப்பிப் போட்டா முடிஞ்சுது. இதுக்குப் போய் ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?”

ஒரு பிளேட்டுதான். ஆனால் மழைக்கு முன்னாலிருந்து இந்தக் குழிக்கு மேல் நின்றுவிட்டுப் போன வண்டிகள் எத்தனை? ஒருவன் உணர்வில்லாத விரலால் மாட்டினான், இன்னொருவன் தொடாமலே சரி சொன்னான். ஒவ்வொரு பிரேக்கும் ஒவ்வொரு ஸ்டியரிங்கும் யாருமே பார்க்காமல் ரோட்டுக்குப் போயிருக்கிறது. நினைத்துக்கொண்டே போனவருக்கு மகள் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. ‘மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்குதுப்பா.’

பின் பிரேக்கின் ஸ்பிரிங்கைக் கொக்கியில் மாட்டுவது முழுக்க விரல் நுனி வேலை. மாட்டினார். மாப்பிள்ளை சரி சொன்னான். அவள் அந்த வண்டியில்தான் தினமும் குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருகிறாள்.

“போன எடுடா!” என்று கத்தினார். குழியிலிருந்து ஏறுகையில் படி தடுக்கி முழங்கால் சிராய்த்தது, அது அவருக்குத் தெரியவே இல்லை. போன் கண்ணாடிமேல் விரலை வைத்து வைத்து அமுக்கினார். எங்கெங்கோ பட்டதே ஒழிய மகளின் பெயர் வரவில்லை. மச்சினன் பிடுங்கிப் போட்டுக் கொடுத்தான். மணி அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பவும் போட்டான்.

“என்னப்பா?” பின்னால் இன்ஜின் சத்தம்.

“எங்கம்மா இருக்க?”

“பாப்பாவக் கூட்டிட்டு வந்துக்கிட்டு இருக்கேன்ப்பா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பேசுங்க. பாப்பா, தாத்தாடி.”

“எறக்கமா மேடா?”

“எறக்கம். ஏன்ப்பா?”

கைராசிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். குரல் மட்டும் நடுங்காமல் வந்தது. “பயப்படாம கேளு. பிரேக்க அழுத்தி மிதிக்காத. ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடு. எத்தனாவது கியர்ல இருக்க?”

“நாலாவதுப்பா. என்ன...”

“மூணுக்குக் கொண்டா.”

போனில் இன்ஜின் உறுமியது. மூன்று விழுந்தது. அவர் காதால் பார்த்தார்.

“ரெண்டு. இப்ப ரெண்டு. ஓரமாப் போ.”

உறுமி அடங்கியது. பின்னால் யாரோ ஹார்ன் அடித்தான். குழந்தை ஏதோ கேட்டது.

“ஒண்ணாவது. வேகம் கொறைஞ்சு நிக்கட்டும். கடைசில மட்டும் லேசா மிதி. நின்னுதா? ஹேண்ட் பிரேக்க நம்பாத. முதல் கியர்லயே விட்டுட்டு இன்ஜின அணை.”

சத்தம் நின்றது. மச்சினன் பக்கத்தில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நர்சம்மா பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“நிறுத்திட்டேன். என்ன ஆச்சுப்பா? சொல்லுங்க.”

“குழந்தைய எறக்கிக் கூட்டிட்டுத் தள்ளி நில்லு. மாமா வண்டி எடுத்துக்கிட்டு வருவாரு.” அதோடு வைத்துவிட்டிருக்கலாம். ஏதாவது பூசி மெழுகிச் சமாளித்திருக்கலாம், மெழுகுவதில் அவருக்கு இத்தனை மாதப் பழக்கம். வைக்கவில்லை. “உன் பிரேக்க நான் சரியா மாட்டினேனான்னு எனக்குத் தெரியாதும்மா. எனக்கு விரல்ல உணர்ச்சி இல்ல. மழைக்கு முன்னாலேர்ந்தே இல்ல. யார்கிட்டயும் சொல்லல.”

அந்தப் பக்கம் கார்க் கதவு மூடும் சத்தம் கேட்டது. பிறகு மகள், “எந்தக் கைப்பா?” என்று கேட்டாள்.

“ரெண்டும்மா.”

மச்சினன் போய்ச் சேர்ந்து, வண்டியை அங்கேயே தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினான். ஸ்பிரிங் கொக்கிக்குள் இல்லை, கொக்கியின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. படம் எடுத்துக் கைராசிக்காரருக்கு அனுப்பவில்லை. வந்து வாயால் சொன்னான். சொல்லும்போது அழுதுவிட்டான்.

பிறகு குழிக்குள் இறங்கி நர்சம்மாவின் பிளேட்டைத் திருப்பி வைத்தான். “மாமா, வாங்க” என்று கூப்பிட்டான். கைராசிக்காரர் தயங்கினார். நான் எதைத் தொட்டுப் பார்ப்பது? ஆனாலும் இறங்கினார். விளக்கை வாங்கிக் கிட்டத்தில் பிடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுத்துகள் உள்ளே இன்ஜின் பக்கம் பார்க்கின்றனவா என்று இடுக்கு வழியாகப் பார்த்தார். பிளேட்டைக் கழற்றச் சொல்லி, கையில் வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். மறுபடி மாட்டச் சொல்லிப் பார்த்தார். அப்புறம்தான் சரி என்றார்.

வண்டியை மூடி நர்சம்மாவையே ஏறிப் போடச் சொன்னார்கள். கிளட்சை மிதித்தாள். முதல் கியர் ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தது. அவள் போவதற்கு முன் இறங்கி வந்து, கேட்காமலே அவர் கையைப் பிடித்து, வெந்த இரண்டு விரலுக்கும் மருந்து தடவிக் கட்டுப் போட்டாள். “நாளைக்கு வெறும் வயித்துல சுகர் பாக்க ரத்தம் குடுக்க வாங்க. வரலைன்னா நானே வீட்டுக்கு வந்து எடுப்பேன்” என்றாள். வருவதாகச் சொன்னார்.

கார் தெருமுனையில் திரும்பிய பிறகு இருவரும் ஷெட் வாசலில் நின்றார்கள்.

“யார முதல்ல கூப்பிடறது மாமா?”

“பிரேக்கெல்லாம் முதல்ல. அப்புறம் ஸ்டியரிங். கிளட்ச் போனா வண்டி நிக்கத்தான் செய்யும், ஆளக் கொல்லாது, அது கடைசி.” யோசித்து ஒரு பெயரைச் சொன்னார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்.

மச்சினன் எண்ணைத் தேடிப் போட்டு நீட்டினான். கட்டுப் போட்ட கையில் போன் நிற்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் கை உடைந்த நாற்காலி கிடந்தது. அதைப் பார்த்தார். இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“சொல்லுங்க கைராசிக்காரரே!” என்றது எதிர்முனைக் குரல், நல்ல உற்சாகமாக.

அவர் சொன்னார்.